அந்த வரியில் வரும் இருமல்

மகாராணிக்கு,

நாற்பது வருஷத்தில் பத்து லட்சம் கழுத்தில் கத்தி வைத்தவன் நான். ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்லை. தும்மினவன் கழுத்தில்கூட! சிரிக்காதே.

சவரப் பெட்டியைக் காணோமென்று தெருவைக் கூட்டிவிடாதே. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிறேன். நம் பையன்மேல் வேனை ஏற்றிக் கொன்றவன் அங்கே சாகக் கிடக்கிறான். தாடி மண்டி முகமெல்லாம் அரிக்கிறதாம், சவரம் செய்ய ஆளில்லையாம். பாஸ்டர் சொன்னார்.

"கையில கத்திய வச்சுக்கிட்டு அவன மன்னிப்பீங்களா? நீங்களா? நான் நம்பிட்டேன்!" என்று நேற்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். நியாயம்தான். ஜெபத்தில் 'நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்று வரும்போதெல்லாம் ஆறு வருஷமாக இருமுகிறேனே, அது சளி இல்லை. அந்த வரியைச் சொல்லாமல் தப்பிக்கத்தான். ஊரையே இருமி ஏமாற்றிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சோறு மூடியிருக்கிறது. நேற்றுபோல் பட்டினி கிடக்காதே. வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

பி.கு. கை நடுங்கினால் கத்தியைத் திறக்க மாட்டேன். சத்தியம்.

இன்னொன்று. அவனும் பயப்படுவான், பாவம்.

---

உங்கள் சீட்டுக்கு அடியிலேயே எழுதுகிறேன். படித்ததும் கத்தியைப் பிடுங்கத்தான் ஓடி வந்தேன். வார்டு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. அவன் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை; நானே பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் ஜெபம் சொன்னீர்கள். அந்த வரியில் நீங்கள் இருமவில்லை.

வாசலில் இருமியது நான்தான்.