மூன்றாவது கேள்வி

மடவளை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் பஸ்லினாவுக்கு, உன் வாப்பாவைப் பெற்ற வாப்பும்மா றலியா சலாமோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அல்லாஹ் உன்னையும் கட்டாரில் சுகமாக வைத்திருக்கட்டும். பக்கத்து வீட்டு மக்கீன் வியாழக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள். விஷயமே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. விளங்கின மட்டும் எழுதுகிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீ வராமல் நின்றாயல்லவா. அன்று உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வட்டிலப்பம் சாப்பிட்டு முடித்து, பெண் எங்கே என்று கேட்டார்கள். உன் வாப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து உன் போனையும் எடுப்பதில்லை. இது உனக்குத் தெரிந்ததுதான்.

தெரியாதது இனித்தான். கடையில் கம்பியூட்டர் பார்க்கிற ஹபீல் நேற்று வாப்பாவுக்குப் பகல் சாப்பாடு எடுக்க வந்தான். குசினிக் கதிரையில் உட்கார வைத்து விசாரித்தேன். நீ அங்கேயிருந்தே நம் கடைக் கம்பியூட்டருக்குள் வந்து சாமான் இருப்பைப் பார்க்க மூன்று வழி வைத்திருக்கிறாயாம். முதலாவது சாவி. அது இரும்பு இல்லையாம், வெறும் எழுத்தாம். இரண்டாவது ரகசியச் சொல். மூன்றாவதில் கம்பியூட்டரே ஒரு கேள்வி கேட்குமாம், பதில் எழுத வேண்டுமாம். எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒன்றில் நீயே எழுதியதாம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இன்று மருந்தெடுக்கக் கண்டிக்குப் போகும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளுக்கும் சொன்னேன். அவளுக்கும் விளங்கவில்லை.

வாப்பா கோபத்தில் உன் சாவியை அழிக்கச் சொன்னாராம், ரகசியச் சொல்லையும் மாற்றச் சொன்னாராம். மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டு, கேள்வியை அவரே சொல்லி எழுத வைத்தாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறாயா என்பதுதான் கேள்வி.

இருப்பைப் பார்த்து வர நீ அங்கே எழுதி வைத்த புரோகிராம் தினமும் காலையில் தானாக வருகிறதாம். சாவியைக் காட்டுகிறதாம், ரகசியச் சொல்லைச் சொல்கிறதாம், இரண்டும் சரிவராது என்றதும் போய்விடுகிறதாம். இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று நம் கம்பியூட்டர் சொல்லியும் அது நிற்பதில்லையாம். நீ அதற்கு இரண்டு வழிதான் சொல்லிக் கொடுத்தாய் போலிருக்கிறது. வாப்பா அடியோடு பூட்டிவிட்டார் என்று நீ அங்கே அழுதுகொண்டிருப்பாய்.

இங்கே வாப்பா கடை திறந்ததும் முதல் வேலையாக, பதில் வந்ததா என்று கேட்கிறாராம். பிள்ளை கேள்வியைப் பார்த்தே இருக்காது என்று ஹபீல் சொன்னதற்கு, அதை எழுதினவளே அவள், அவளுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ என்று ஏசினாராம். உனக்குப் போன் எடுத்துச் சொல்லவும் அவனுக்குத் தடை. உன் கெட்டித்தனத்தில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதனால்தான், நீ பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறாய் என்று நினைத்து மனிசன் வாடிப்போயிருக்கிறார்.

என்ன பதிலுக்குத் திறக்கும் என்று ஹபீலைக் கேட்டேன். வருகிறேன் என்றாலும் திறக்குமாம், வரமாட்டேன் என்றாலும் திறக்குமாம். பிள்ளை எதை எழுதினாலும் உள்ளே விடு என்று வாப்பா சொல்லி வைத்தாராம். எதை எழுதினாலும் திறக்கிறதென்றால் பூட்டு எதற்கு மகள்? இரவெல்லாம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

உன் புரோகிராமைத் திருத்து. கேள்வி வரும்வரை அதை நிற்கச் சொல். லீவு இல்லையென்றால் இல்லை என்றே எழுது. ஆனால் அவர் கடை திறக்குமுன் எழுது.

உன் விரல்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

உனக்காகக் கையேந்தும்
வாப்பும்மா றலியா