தந்திக்குச் செய்த பட்டி

அக்கா,

இன்று காலை, ரப்பர் அரைக்கிற ஸ்டோரில் இஞ்சின் பெல்ட்டை மாற்றினோம். பழையதை வெட்டிக் கழற்றியபோது ஒரு முழத் துண்டு என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். சூடேறிய ரப்பரும் கேன்வாஸும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. "ஸ்டோர வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டான்" என்று நீ முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்தது. துண்டை எறிய மனம் வரவில்லை. சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஒரு நாயின் கழுத்துப்பட்டியைப் பற்றி உட்கார்ந்து பேச இந்த லயத்து வீடுகளில் வேறு ஆளும் இல்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாய்க்குத் தந்தி என்று பெயர் வைத்தவள் நீ. கூப்பிட்டதும் தந்தி மாதிரி வந்து நிற்கிறதாம். வந்தது உண்மை, நின்றது பொய். மச்சான் செத்த பிறகு, விடியுமுன்னே மேல்மலை ரப்பர்க் காட்டுக்குப் பால் வெட்ட நீ தனியாகத்தான் ஏறினாய். பன்றி நடமாடும் மலை அது. முன்னால் தந்தி ஓடும், பின்னால் வாளியோடு நீ. "நாய் இல்லாம அந்த மலைக்குப் போகமாட்டேன், கூலிப் பேர வெட்டினாலும் வெட்டிக்கங்க" என்று கங்காணியின் முகத்துக்கு நேரே சொன்னாய். வீம்புக்குச் சொல்கிறாய் என்று அன்று நினைத்தேன். பன்றி கிழித்த ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் புரிந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் வெறிநாய் கடித்து ஒருவர் இறந்ததும் நம் துரை சட்டம் போட்டார். காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் வரிசையாக நின்ற நேரத்தில், கணக்கப்பிள்ளை அதைச் சத்தமாகச் சொன்னார்: கட்டாத நாய் கண்ணில் பட்டால் சுடப்படும். மற்ற நாய்களுக்கு ஒரு கயிறு போதும். தந்திக்கோ துரையின் மோட்டார் சைக்கிள் பரம எதிரி. சத்தம் கேட்ட மாத்திரத்தில் கட்டியதை அறுத்துக்கொண்டு பாயும்.

நீ முதலில் தென்னந்தும்புக் கயிறு போட்டாய். கடித்துத் துப்பியது. இரும்புச் சங்கிலி போட்டாய். மழையில் துருவேறிக் கழுத்து மயிரைத் தின்று புண்ணாக்கியது. பிறகு மாவனல்லைக் கடைத்தெருவுக்கு நடந்து போய் ஒரு தோல் பட்டி வாங்கி வந்தாய். கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம், "நானா, இது நாய்க்கா, பூனைக்கா?" என்று கேட்டாயாம். "யானைக்கே போடலாம் தங்கச்சி" என்றாராம் அவர். அந்த மழைக்காலம் முடியுமுன் அதில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது. ஒரு நாள் பட்டி அறுந்து, தந்தி மோட்டார் சைக்கிளைத் துரத்த, துரை வண்டியோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட்டார்.

நான் கொழும்புப் பட்டறையில் தொழில் பழகிவிட்டு இஞ்சின் வேலைக்கு வந்த புதிது. அறுந்த பட்டியை என் முன்னால் போட்டாய்.

"படிச்சவன்தானே. ஏன் அறுந்துச்சுன்னு சொல்லு."

பார்த்தேன். தோலில் ஒரு குறையும் இல்லை. செய்தவன் தையல் ஓட்டையை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தான், தபால் முத்திரையைக் கிழிக்கிற மாதிரி அந்த ஓட்டை வரிசையிலேயே கிழிந்திருந்தது. வளையம் வெறும் வளைத்த கம்பி, வாய் ஒட்டவில்லை, இழுத்த இழுப்பில் திறந்துகொண்டது. பக்கிள் தகரம். "மூணு எடத்துல தப்பு" என்றேன். "தப்பத் தொர எண்ணுவாரு. நீ செஞ்சு குடு" என்றாய்.

மறுநாள் பெரட்டில் துரை நாயைச் சுடச் சொல்லிவிட்டார். வரிசையை விட்டு நீ வெளியே வந்தாய். பெண்கள் யாரும் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. கங்காணி "ஏய், ஏய்" என்று தடுத்தார். நீ அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஐயா, நாய் அறுக்காத பட்டி போட்டா விடுவீங்களா?"

துரை பதில் சொன்னார். அவருடைய தமிழ் உனக்கு நன்றாக வரும், நீ செய்து காட்டினால் லயமே சிரிக்கும். "சனிக்கிழம நாய் கொண்டு வா. கம்பத்தில் கட்ட வேணாம். நீ பிடி. நான் சைக்கிள் ஓட்டும். நாய் வந்தா, சுடும்."

எனக்குக் கோபம். கம்பம் என்றால் கணக்குப் போட்டுவிடலாம். ஆள் பிடிப்பதற்கு என்ன கணக்கு? பேசி நேரத்தைக் கடத்தாமல் வேலையைத் தொடங்கினேன். பெரிய இஞ்சின்காரரிடம் கேட்டுப் பழைய பெல்ட் துண்டு ஒன்று வாங்கினேன். கேன்வாஸ் அடுக்குகளுக்கு நடுவே ரப்பர். மழை குடிக்காது, பூஞ்சணம் பிடிக்காது, இழுத்தாலும் நீளாது. தையலே போடவில்லை. வாஷர் வைத்துச் செம்பு ரிவெட் அடித்தேன், ஒன்றுக்கொன்று தள்ளி. வளையத்தின் வாயை உலையில் காய்ச்சி ஒட்டினேன். ஸ்டோர் மூலையில் கிடந்த பழைய குதிரைச் சேணத்தின் பித்தளைப் பக்கிளைப் போட்டேன். அதை ஸ்டோர் உத்தரத்தில் மாட்டி, நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். நீ வாசலில் நின்று, "வௌவால் தொரே, கீழ எறங்குங்க" என்றாய்.

பட்டி தாங்கியது. ஆனால் நீ ஒப்புக்கொள்ளவில்லை. "மொதல்ல உன் கழுத்துல போடு" என்றாய். போட்டேன். "இப்ப திரும்பு. குனி. மலையேறு." குனிந்ததும் ஓரம் தாடைக்கடியில் அறுத்தது. முகத்தைச் சுளித்தேன். நீ சிரித்த சிரிப்பில் தந்தி எழுந்து குரைத்தது. ஓரத்தை அரத்தால் ராவி உருட்டினேன். கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை போட்டோம். அதற்கு மேல் தளர்ந்தால் தந்தி தலையை உருவிவிடும், இறுகினால் மூச்சு முட்டும். இரத்தம் குடிக்கிற அட்டை பட்டிக்குள் புகுந்து ஒளியுமே என்று, தினம் சாயங்காலம் கழற்றித் துடைப்பது என் பொறுப்பு என்றாய்.

சனிக்கிழமை பெரட்டு மைதானத்தில் வேலைக்குப் போக வேண்டியவர்களும் போகாமல் நின்றார்கள். குண்டு போட்ட துரையின் துவக்கு கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. பட்டியில் மூன்று புரியாக முறுக்கிய கயிற்றை மாட்டி உன்னிடம் கொடுத்தேன்.

"கையில சுத்தாதே அக்கா, மணிக்கட்டு போயிரும்."

"உன் வேல முடிஞ்சுது. தள்ளி நில்லு."

மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பியதும் தந்தி பாய்ந்தது. கயிறு விறைத்தது. நீ ரெண்டு எட்டு ஓடி, முழங்கால் மடங்கிக் கல்லில் விழுந்தாய். நாய் உன்னை இழுத்துக்கொண்டே போனது. நான் பட்டியைப் பார்க்கவில்லை அக்கா. நான் செய்த பட்டியை நானே பார்க்கவில்லை. உன் கையைத்தான் பார்த்தேன். திறக்கவே இல்லை. துரையின் வண்டி உங்களைக் கடந்து போனது. தந்தி கழுத்தைத் திருப்பி, நீ கிடப்பதைப் பார்த்து, திரும்பி வந்து உன் முகத்தை நக்கியது.

துரை இறங்கி வந்தார். பட்டிக்குள் விரல் விட்டுப் பார்த்தார், வளையத்தை இழுத்துப் பார்த்தார். "யார் செஞ்சது?"

முழங்காலில் இரத்தத்தோடு நீ எழுந்து நின்றாய். "என் தம்பி. கொழும்புல தொழில் படிச்சவன், ஐயா."

துவக்கை வண்டியில் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவர் என் முதுகில் தட்டினார். எனக்கு அது உறைக்கவேயில்லை.

பீலியடியில் கொட்டும் தண்ணீரில் முழங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாய். "ஏன் விடல?" என்று கேட்டேன். கேள்வியே முட்டாள்தனம் என்பதுபோல் பார்த்தாய். "விட்டிருந்தா, பட்டி அறுந்துபோகலியே, அப்புறம் நாய் எப்படிச் செத்துச்சுன்னு நின்னு கணக்குப் பார்த்துக்கிட்டிருப்ப."

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே மேல்மலைக்கு ஏறினாய். தந்தி முன்னால் ஓடியது.

அந்தக் காய்ச்சல் வந்து லயத்துக்கு லயம் ஆளை எடுத்தபோது உன்னையும் எடுத்தது. அதைப் பற்றி எழுத மாட்டேன். உன்னைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்லது நிறைய இருக்கிறது.

தந்தி என்னோடு இருக்கிறது. வயதாகிவிட்டது, மோட்டார் சைக்கிள் போனால் ஒரு காதை மட்டும் தூக்குகிறது. பட்டி அதே பட்டிதான், ஒரு ரிவெட்டும் ஆடவில்லை. சாயங்காலம் கழற்றித் துடைக்கிறேன். மறுபடி மாட்டுவதற்குள் அது தலையை நீட்டிவிடுகிறது, நீ பழக்கிய பழக்கம்.

இப்போது அடங்காத நாய் வைத்திருக்கிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். "அந்த அக்கா நாய்க்குப் போட்ட பட்டி மாதிரி ஒண்ணு" என்றுதான் கேட்கிறார்கள். செய்தவன் எதிரிலேயே நிற்கிறேன், என் பெயர் யார் வாயிலும் வருவதில்லை. தொடக்கத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது வேறு எப்படியாவது கேட்டால்தான் எரிச்சல் வருகிறது.

நேற்றுத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ஒருவன் வந்தான். வருகிறவர்களுக்கு நான் செய்வதையே அவனுக்கும் செய்தேன். கயிற்றின் ஒரு நுனியை அவன் கையில் கொடுத்து, மறு நுனியைப் பிடித்து, சொல்லாமல் வெடுக்கென்று இழுத்தேன். விட்டுவிட்டான்.

"பட்டிதானே அண்ணே கேட்டேன். கைய எதுக்கு இழுக்கிறீங்க?"

பெரட்டு மைதானத்தில் நடந்ததைச் சொன்னேன். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போனான்.

நாளைக்கு வருவான். இன்று கிடைத்த துண்டை எண்ணெய் போகத் துடைத்து, ஓரத்தை ராவி வைத்திருக்கிறேன். அவன் பிடித்து நின்றால் அது அவன் நாய்க்கு.

உன் தம்பி.