சேகர் சாரின் பெயர்ப்பலகை

மார்கழி, வியாழன் இரவு

இன்று சேகர் சாரை மறுபடி பார்த்தேன். கொடைக்கானல் ஏரிச்சாலை காபிக்கடைக்கு நான் வரைந்த உள்வடிவமைப்புப் படத்தைத் தன் பெயரில் கொடுத்துவிட்டு, என்னை வேலையை விட்டு அனுப்பியவர். சொரசொரப்பான கருங்கல் சுவர், அதை ஒட்டி வழவழப்பான மரப் பெஞ்ச். கல்லுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் மரத்தின் கதகதப்பு தெரியும் என்று வரைந்தேன். அவர் கல்லுக்குப் பதில் டைல்ஸ் ஒட்டி, மரத்துக்குப் பதில் இரும்பு நாற்காலி போட்டார். காபி ஆறும்வரைகூட அங்கே யாரும் உட்காருவதில்லை.

கடைக்காரர் மேரி அக்காதான் என்னைக் கூப்பிட்டார். "நீயே மாத்திக் குடும்மா. கடை ஐஸ் பெட்டியாட்டம் கெடக்கு."

சேகர் சாரும் அங்கே நின்றார். "பழசை மனசுல வைக்காத கலா. சேந்தே செய்வோம்."

"மொதல்ல வாசல்ல 'வடிவமைப்பு: சேகர்'னு இருக்குற உங்க பெயர்ப்பலகைய நீங்களே கழட்டுங்க சார்."

அவர் மேரி அக்காவைப் பார்த்தார். அக்கா ஸ்குரூடிரைவரை நீட்டினார். ஒவ்வொரு திருகாக அவர் கழற்றி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பிறகு சொன்னேன்: "நான் தனியாத்தான் செய்வேன்."

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பனிக்குள் நடந்தார். பாவம் என்று தோன்றும் என நினைத்தேன். தோன்றவில்லை.

பூண்டி போகும் வழியில் அவர் பெயர்ப்பலகையோடு இன்னொரு கடை இருக்கிறது. அதுவும் என் படம்தான்.