கூடாரம் அல்ல, காயப்போட்ட துணி: வடக்குக் கடற்கரை வரலாற்றுப் பலகையைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
‘குடைக்காரர்’ என்று கடற்கரையில் அறியப்படும் வியாபாரி,
நாற்காலி, குடை வாடகைக் கடை,
வடக்குக் கடற்கரை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வரலாற்றுப் பலகையில் உள்ள பிழையைத் திருத்தவும், கடையை அகற்றும் அறிவிப்பை ரத்து செய்யவும் கோருதல் தொடர்பாக.

ஆணையர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. கடந்த திங்கட்கிழமை காலை நகராட்சி ஊழியர் இருவர் என் கடைக்கு வந்து, அறுபது நாற்காலிகளையும் குடைகளையும் பதினைந்து நாளில் அகற்றச் சொல்லும் அறிவிப்பைக் கொடுத்துச் சென்றார்கள். ‘இக்கடற்கரையில் முதலில் நிழல் அமைத்தவர் கடற்கரை ஓட்டலின் நிறுவனர், எனவே நிழல் வாடகை உரிமை ஓட்டலுக்கே’ என்பது அதில் கண்ட காரணம். இதே வாசகத்துடன் வரலாற்றுப் பலகை ஒன்றும் இருபதாம் தேதி திறக்கப்பட இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே ஒரு பழைய புகைப்படம்.

2. அந்தப் படத்தை ஓட்டலுக்குக் கொடுத்தவன் நான்தான். பழைய படம் இருந்தால் வரவேற்பறையில் மாட்டலாம் என்று மேலாளர் கேட்டார். ஓட்டல் விருந்தாளிகள் என் குடைக்குக் கீழே வருவார்களே என்று கணக்குப் போட்டு, பின்பக்கம் ஒரு வரிகூட எழுதாமல் நீட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான் செய்த முட்டாள்தனம் அது. மறைக்க விரும்பவில்லை.

3. படத்தில் வரிசையாக வெள்ளையாகத் தெரிபவை நிறுவனர் போட்ட கூடாரங்கள் என்கிறது ஓட்டல். அவை சலவைத் தொழில் செய்த என் தாயார் துவைத்துக் காயப்போட்ட, பொது மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள். ஓட்டல் கட்டியது அந்தப் படம் எடுத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

4. படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டிய அன்று, கடற்கரை வியாபாரிகளைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். தாயாரையும் கூட்டிப்போனேன். வயது எண்பத்து மூன்று; கண்ணில் குறையில்லை. ‘இது எங்க பெரிய முதலாளி போட்ட கூடாரம், பெரியம்மா’ என்று மேலாளர் விளக்கினார். தாயார் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: “கூடாரமா? தம்பி, அது ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு. மூலையில நான் போட்ட குறி இருக்கு பாரு. காத்துல ஆடுற துணிக்குள்ள யாருப்பா குடியிருந்தது?” வயதானால் எல்லாம் தன்னுடையதாகத் தோன்றும் என்று மேலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

5. எந்த வீட்டுத் துணி என்று அடையாளம் தெரிய, சலவைக்காரர்கள் மூலையில் அழியாத மையால் குறி வைப்பது வழக்கம். மருத்துவமனைக்கு என் தாயார் வைத்தது, வட்டத்துக்குள் இரண்டு புள்ளி. என்னிடம் இருந்த படத்தில் அது எறும்புத்தலை அளவுகூட இல்லை. ஓட்டல்காரர்கள் சொந்தச் செலவில் எலுமிச்சை அளவுக்குப் பெரிதாக்கித் தந்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. அதே குறியுள்ள விரிப்பு ஒன்று மருத்துவமனைக் கிடங்கில் இன்றும் உள்ளது. கண்காணிப்பாளரின் கடிதம் இணைப்பில் காண்க. மேலும், துணியின் நுனிகள் முறுக்கிய இரட்டைக் கயிற்றுக்குள் செருகப்பட்டிருப்பதும் படத்தில் தெரிகிறது. துணி காயப்போடுவோர் செய்கிற வேலை அது. கூடாரம் அப்படி ஒரு நாழிகை நிற்காது.

6. ஆண்டுக்கு முந்நூறு நாள் வெயில் என்று இன்று நகராட்சி விளம்பரம் செய்கிறது. அந்த வெயிலை முதலில் எண்ணியவர் ஈரத்துணியோடு வானத்தைப் பார்த்து நின்ற பெண். நோயிலிருந்து தேறிய ஒருவர் ஒருநாள் கைத்தடியோடு வந்து, துணி நிழலில் உட்காரலாமா என்று கேட்டார். தலை துணியில் படாமல் உட்காருங்கள் என்றார் தாயார். மறுநாள் அவர் நண்பர்கள் இருவரோடு வந்தார். அடுத்த மாதம் நான்கு நாற்காலி வாங்கினோம். கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஓட்டல் வந்தது. இந்த உல்லாச நகரத்தின் வரலாறு இவ்வளவுதான்.

7. பலகையின் அடியில் ‘உதவியோர்’ என்று எங்களையும் போடுவதாகவும், வாகன நிறுத்தத்துக்குப் பின்னால் இடம் தருவதாகவும் ஓட்டல் தரப்பில் தூது வந்தது. அங்கே ஏற்கெனவே கட்டட நிழல் இருக்கிறது. அதில் நான் குடையை யாருக்கு விரிப்பது? மறுத்துவிட்டேன். நாற்காலிகளையும் எடுக்கப்போவதில்லை. பலகை இப்படியே திறக்கப்பட்டால், அதன் பக்கத்தில் அதே உயரத்தில் என் பலகையும் நிற்கும்.

8. ஆகவே ஐயா அவர்கள் படத்தை நேரில் வந்து பார்த்து, அறிவிப்பை ரத்து செய்து, பலகையில் உண்மையை எழுதச் செய்ய வேண்டுகிறேன். திறப்பு நாளில் பலகையை மூடும் வெள்ளை விரிப்பை என் தாயார் துவைத்துத் தருவார். அதை விலக்கியதும் ஒரு முனையை அவர் பிடிப்பார். மறுமுனையை ஓட்டல் முதலாளி பிடித்து மடித்துக் கொடுக்கட்டும். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. கைத்தடிக்காரரிடம் என் தாயார் பேசி முடித்த நிபந்தனையும் அதுதான்: துணி காயும் வரை நிழல், காய்ந்ததும் எழுந்து, மறுமுனையைப் பிடிக்க வேண்டும்.

நாள்: மார்ச் 3
இடம்: வடக்குக் கடற்கரை

(கையொப்பம்)
குடைக்காரர்,
சலவைக்காரம்மாவின் மகன்