வெள்ளைக் கோட்டு

ஜனவரி 14, 1934

படகுக்கு மறுபடி வெள்ளை அடித்தாயிற்று. கடலில் பனிக்கட்டி மிதக்க ஆரம்பித்தால் எங்கள் ஊரில் வாத்து வேட்டைக்குப் போகும் படகும் வெள்ளை, ஆளும் வெள்ளை. இல்லாவிட்டால் வாத்து கிட்டவே வராது. மாவுச் சாக்கைப் பிரித்து அவருக்கும் கொழுந்தனுக்கும் கோட்டுத் தைத்தேன். சாக்கின் நீல எழுத்துப் போகத் திரும்பத் திரும்ப வெளுத்ததில் விரல் வெடித்துவிட்டது. அப்படியும் என் வீட்டுக்காரர் அசரியா, தோளில் லேசாக நீலம் தெரிகிறது என்று திருப்பிக் கொடுக்கிறார். என்ன மனுஷன்!

ஆபத்துக்கு உதவட்டுமே என்று என் சிவப்புத் தலைத்துண்டைப் படகில் போட்டேன். எடுத்து விறகுப் பெட்டியில் வீசினார். "வாத்துக்குக் கண்ணு இருக்குடி! இதக் கண்டா அடுத்த தீவுக்கே ஓடிரும்." கொழுந்தன் கார்லண்ட் வேறு, "கூடவே ஒரு மணியும் கட்டி விடுங்க அண்ணி" என்று இளித்தான். நான் துண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்தேன்.

ஜனவரி 17

உப்பு மீன். உப்பு மீன். உப்பு மீன்.

ஜனவரி 19

விடியும் முன்னே இருவரும் போனார்கள். மத்தியானம் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசத் தொடங்கியது. பனி மொத்தமாக நகர்கிறது. பொழுது சாயும்போது கடலில் மூன்று துப்பாக்கி வெடி கேட்டது. கறி வருகிறது என்று டர்னிப் கிழங்கு நறுக்கி வைத்தேன்.

இன்னும் வரவில்லை.

ஜனவரி 20

அந்த வெடி வாத்துக்கா? இல்லை, எங்களைக் கூப்பிட்டதா? ஊரே கேட்டது. ஊரே கறி என்றுதான் நினைத்தது.

பக்கத்து வீட்டு ஹீபர் படகில் தேடப் போய் வெறுங்கையோடு திரும்பினார். "எங்க பாத்தாலும் வெள்ளை, செலினா. பனிக்கட்டிய எல்லாம் படகுன்னு தொரத்துனோம். திரும்பப் போறேன்."

அடி பாவி செலினா, எதுக்குடி அவ்வளவு வெளுத்தே?

ஜனவரி 21

கார்லண்ட் உயிரோடு வந்தான். அவரைப் பலகையில் கொண்டுவந்தார்கள்.

ஜனவரி 24

மண் கல்லாக உறைந்திருக்கிறது. குழி தோண்ட முடியவில்லை. அவர் மீன் கொட்டகையில் இருக்கிறார்.

கார்லண்ட் இன்றுதான் வாய் திறந்தான். "ஹீபர் அண்ணன் அவ்வளவு கிட்டத்துல போனாரு அண்ணி. குல்லா கூடத் தெரிஞ்சுது. கத்துனோம், காத்து கொண்டுபோயிருச்சு. மிச்சம் ஒரே ஒரு தோட்டா. அப்பப் பாத்து ஒரு வாத்து பக்கத்துல இறங்குச்சு. எங்க அண்ணன் அதச் சுட்டு, தன் கோட்டக் கழட்டி, ரத்தத்த அப்பி, துடுப்புல மாட்டித் தூக்குனாரு. என் கோட்டு நனைஞ்சு விறைச்சுக் கிடந்துச்சு. சாயங்காலம் ஹீபர் அண்ணன் திரும்பி வந்தப்ப அந்தச் சிவப்பப் பாத்துத்தான் கண்டுபிடிச்சாரு. அதுக்குள்ள குளிர்ல எங்க அண்ணன்..."

"எனக்கு ஏதாவது சொன்னாரா?"

"துடுப்பத் தூக்கும்போது சிரிச்சாரு. 'செலினாகிட்டச் சொல்லிராதடா, ஜெயிச்சுட்டேன்னு குதிப்பா'ன்னாரு."

ஐயோ, எனக்கு எதுக்குங்க இந்த ஜெயிப்பு?

பிப்ரவரி 2

அவர் கோட்டைத் துவைக்கவில்லை. துவைக்கவும் மாட்டேன்.

டிசம்பர் 9

கடலில் பனி வந்துவிட்டது. கார்லண்ட் மாவுச் சாக்கோடு வாசலில் நின்றான். போகாதே என்று எப்படிச் சொல்வது? அவன் வீட்டிலும் உப்பு மீன்தான்.

"வெளிப்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கணும் அண்ணி. உள்பக்கம்..." என் விறகுப் பெட்டியைப் பார்த்தான்.

விறகுப் பெட்டியிலிருந்து அன்றே எடுத்து வைத்த தலைத்துண்டை, கோட்டைப் புரட்டிப் போட்டால் சிவப்பாகத் தெரியும்படி, உள்ளே வைத்துத் தைத்தேன். முதுகுக்கு மட்டும்தான் போதுமாக இருந்தது. கைகளுக்கு என் சிவப்புப் பாவாடையை வெட்டினேன்.