செல்வியின் வலது கால்

டீச்சர்,

இன்று காலை கொட்டச்சேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது தைல வாசம் வந்தது. பக்கத்தில் ஒரு பெண் தன் மகனின் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வளர்ற பையன், அப்படித்தானுங்க வலிக்கும்" என்றாள். "ரெண்டு காலுமா, ஒரு காலு மட்டுமா?" என்று கேட்டேன். "ரெண்டுந்தானுங்க" என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் கற்றுத்தந்த கேள்வி அது.

என் மகள் செல்விக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிவிட்டு வந்ததும் முழங்கால் வலி என்பாள். நானும் தைலத்தைத் தேய்த்து, இதே பேச்சைத்தான் பேசினேன். மழைக்காலம் போயும் வலி போகவில்லை. ஒருநாள் சலிப்பில், "இப்படி வலிச்சா பள்ளிக்கூடம் வேண்டாம் சாமி, ஊட்டுல கெட" என்றுவிட்டேன். அன்றோடு அவள் வலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் அவளிடம் மூன்று முறை சீட்டு கொடுத்தனுப்பினீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. அவளையே படிக்கச் சொன்னேன். "நல்லாப் படிக்கறனாம்ப்பா" என்றாள். அதை எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நான் சொல்ல இந்த மடலை எழுதுவதும் செல்விதான். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் நீங்களே மேடேறி வந்தீர்கள். நான் களத்தில் காயப்போட்ட காப்பிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, மூணு லெட்டர் குடுத்துவிட்டேன். ஒண்ணுக்காச்சும் வந்து எட்டிப் பாத்தீங்களா?"

"நல்லாப் படிக்குதுன்னு எழுதினதுக்கு வந்து என்னங்க டீச்சர் பாக்கறது?"

செல்வி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"ஆமாங்க, நொம்ப நல்லாப் படிக்கிறா. எழுத விட்டுப்போனது ஒண்ணு இருக்குது" என்றீர்கள். "கண்ணு, அந்த மூலை வரைக்கும் நடந்துட்டு வா."

வலது காலைத் தரை சுட்டதுபோல் எடுத்து எடுத்து வைத்தாள். தினமும் என் கண்முன் நடந்த பிள்ளை.

"வளர்ற வலின்னா ரெண்டு காலுலயும் வந்து வந்து போகுமுங்க. இவளுக்கு ஒரே காலு. காலையில வரும்போதே நொண்டுறா. நாளைக்கே சேலம் கூட்டிட்டுப் போங்க. இவ எடத்துல யாரையும் உக்கார விடமாட்டேன்." கடைசிச் சொல்லை அவளைப் பார்த்துச் சொன்னீர்கள்.

சேலத்தில் படம் எடுத்தார்கள். வலித்தது முழங்கால், கோளாறு இடுப்பு மூட்டில். இன்னும் விட்டிருந்தால் மூட்டு நசுங்கியிருக்கும் என்றார் டாக்டர். வைத்தியம் வருஷக்கணக்கில் நடந்தது. இப்போது நடையில் லேசான சாய்வு, அவ்வளவுதான்.

மூன்று சீட்டிலும் அவள் நொண்டுவதைத்தான் எழுதியிருந்தீர்கள் என்பதைக் கல்யாணமாகிப் போன பிறகுதான் செல்வி சொன்னாள். "பள்ளிக்கூடத்தை நிறுத்திப்போடுவீங்கன்னு பயம்ப்பா." அவள் மாற்றிப் படித்ததையும் எனக்கு எழுத்து தெரியாததையும் நீங்கள் அன்றே கண்டுகொண்டீர்கள். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் கூசவைக்கவில்லை. அதன்பின் சீட்டே வரவில்லை. எது சொல்வதானாலும் குடையை ஊன்றி ஏறிவந்து வாயால் சொன்னீர்கள்.

அதற்கு ஒரு வார்த்தை சொல்ல உங்களைத் தேடி டவுனுக்கு வரவேண்டும் என்றிருந்தேன். காப்பி பறிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் உங்களைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டிக்குப் பின்னால் செல்வி நடந்தே வந்தாள்.

இப்போதும் மேட்டுப் பாதையில் யாராவது குடையோடு ஏறினால், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். கிட்டே வந்ததும் வேறு யாரோவாக இருக்கிறார்கள்.