எடைக்குப் போன ஏழாம் வகுப்பு

மார்ச் 3, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். தங்கை மகளின் தமிழ்ப் புத்தகத்தில் முதுமையைப் பற்றி ஒரு பாடம் வந்த அன்றே சொன்னேன், இது நம் வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்பாமல் ஓயாது என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாள் என் மனைவி. மனதுக்குள் சொன்னேன். அதுவும் சொன்னதுதான்.

தங்கை மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயாடி. இன்று சாயங்காலம் நோட்டோடு என் கண்ணாடிக் கடைக்கு வந்தாள். நான் ஒரு லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். (நான் தேய்த்த லென்ஸ் இல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்த டாக்டரும் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.) பாடத்தின் கடைசியில் பயிற்சியாம்: 'உங்கள் குடும்பத்து முதியவர் ஒருவரின் சிறுவயது நிகழ்ச்சியைக் கேட்டு எழுதுக.'

முதியவரா? நானா? எனக்கு ஐம்பத்து நாலு. அவள் வீட்டுக் கட்டிலில் எண்பத்து மூன்று வயதில் என் அப்பா உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்க வேண்டியதுதானே?

"தாத்தா எதைக் கேட்டாலும் 'அதெல்லாம் இப்ப எதுக்கு'ன்னு முடிச்சிடறார் மாமா. நீங்கதான் நிறுத்தாம பேசுவீங்க."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அப்பா என்னைப் படிப்பிலிருந்து நிறுத்திய நாளை ஒன்று விடாமல் சொன்னேன்.

மார்ச் 4

என்ன சொன்னேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். வெளியே கொட்டுகிற மழை. அப்பா வகுப்புக் கதவருகே வந்து நின்று, லென்ஸ் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், பையனை அனுப்புங்கள் என்றார். தலைமையாசிரியர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, விஞ்ஞானியாக வர வேண்டியவனைக் கெடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். நான் முன்னால் நடந்தேன். பள்ளிக்கூட கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், அப்பா அங்கேயே நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வழியில் பழைய பேப்பர் கடையில் என் பையைக் கவிழ்த்து, புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டார். கிடைத்த சில்லறையில் எனக்கு ஒரு பன் வாங்கித் தந்தார்.

தின்றேன். நாற்பத்திரண்டு வருஷமாக எனக்கு ஆறாதது அதுதான்.

மார்ச் 7

தங்கை போன் செய்தாள். மச்சானுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஏப்ரல் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். அலுவலகம் தருவது ஒரே அறை, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் மடங்காது. "அண்ணா, அப்பா உன்கூட..." என்று ஆரம்பித்தாள்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னை எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்தவர்தானே? இப்போது அவர் எங்கே போவது என்பதையும் அவரே முடிவெடுக்கட்டும். முதியோர் இல்லம் பிறகு எதற்குக் கட்டி வைத்திருக்கிறார்கள்?

மனைவி எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரங்கள் பேசின.

மார்ச் 12

இது அடுக்குமா?

வாயாடியின் நோட்டு திருத்தி வந்திருக்கிறது. மழைக்கு ஒரு டிக். அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில்! தலைமையாசிரியர் கெஞ்சியதற்கு இரண்டு டிக். அந்த மனுஷர் தலையைக்கூடத் தூக்கவில்லை, பதிவேட்டில் என் பெயர் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கம் போனார். நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்றதற்கு 'நன்று'. கேட்டில் அப்பா கண்ணைத் துடைத்ததற்கு 'மிக அருமை'.

எடைக்குப் போட்ட வரியின் கீழே மட்டும் சிவப்புக் கோடு. ஓரத்தில்: 'நம்பும்படி இல்லை. எந்தத் தந்தையும் இப்படிச் செய்ய மாட்டார். நீக்குக.'

மொத்தக் கதையிலும் நான் கை வைக்காமல், உள்ளது உள்ளபடி சொன்னது அந்த ஒன்றைத்தான். அதை எடுக்கச் சொல்ல இந்தத் தமிழ் டீச்சர் யார்? தராசு முள் ஆடினதை நான் பார்த்தேன். இவள் பார்த்தாளா?

மார்ச் 15

அந்த ஆசிரியையே கடைக்கு வந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் திருகு கழன்றுவிட்டதாம். திருகை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். கண்ணாடி இல்லாமல் எங்கே ஓடிவிடுவார்?

"டீச்சர், நடந்ததைத்தானே புள்ள எழுதியிருக்கு. அந்த வரியை ஏன் அடிச்சீங்க?"

"அந்தப் பாடமே பெரியவங்க மேல பிள்ளைங்களுக்குப் பாசம் வரணும்னுதான் சார் வெச்சிருக்காங்க. அப்பா கண்ணைத் துடைக்கிறாரே, அங்க எனக்கே தொண்டை அடைச்சுது. அதுக்கு அப்புறம் போய் எடைக்குப் போட்டார்னா, அவர் மேல கோபம்தானே வரும்?"

"எனக்கு வந்துச்சே."

"நீங்க ஒன்பதாவது படிக்கலையே சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கே குத்த வேண்டுமோ அங்கே போய்க் குத்தியது. திருகை மாட்டி அனுப்பிவிட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் மாட்டினேன்.

மார்ச் 16

கட்டுரையைப் பெற்றோர் நாளில் மேடையில் வாசிக்கப் போகிறார்களாம், சிவப்புக் கோட்டு வரி இல்லாமல். தாத்தா பாட்டிகளுக்கு முன்வரிசை. அப்பா போகிறார். நான் சத்தியமாகப் போகப் போவதில்லை.

மார்ச் 22

போனேன். கண்காணிக்க ஒருவர் வேண்டாமா?

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அப்பா முன்வரிசையில், காது கேட்கிற பக்கத்தை மேடைக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். வாயாடி வாசித்தாள். மழை, கெஞ்சல், நாற்பது பிள்ளைகள், கேட், சட்டைக் கை. இரண்டு மூன்று அம்மாக்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அங்கே நிறுத்த வேண்டியவள் நிறுத்தவில்லை. தாளில் இல்லாததைத் தாளைப் பார்க்காமலே சொன்னாள்: "பிறகு, வழியில், என் தாத்தா மாமாவின் புத்தகங்களை எடைக்குப் போட்டார்."

கைக்குட்டைகள் அந்தரத்தில் நின்றன. ஆசிரியை பாதி எழுந்துவிட்டார். அதற்குள் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முழுசாக எழுந்து நின்றார்.

"நிஜம்தான்மா. நான்தான் போட்டேன். புள்ள சரியாத்தான் சொல்லுது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கை தட்டினார்கள். எதற்கென்று புரியவில்லை. எனக்காக என்று வைத்துக்கொண்டேன்.

மார்ச் 23

இன்று தங்கை வீட்டுக்குப் போனேன். முதியோர் இல்லத்தின் விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வாங்கத்தான் போனேன், மறைப்பானேன்? பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் இருந்தார். தாளைக் கொடுத்தேன். கையெழுத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு கேட்டுல நான் கண்ணைத் துடைச்சதை நீ பாத்துட்டியாடா?"

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினேன்.

"நீ விடுவிடுன்னு முன்னால போயிட்ட. பாக்கலன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்."

வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிறவன் நான். "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஆனால் அப்படியே விட்டுவிடவும் இல்லை. புத்தகத்தை ஏன் போட்டீங்க, அதைச் சொல்லுங்க என்று கேட்டேன். "வீட்ல இருந்தா நீ எடுத்து எடுத்துப் பாப்பே" என்றார். இது ஒரு பதிலா? ஒருத்தன் எடுத்துப் பார்த்தால்தான் என்ன? பார்த்துவிட்டுப் போகிறான்! இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். முன்னறையைக் காலி செய்யச் சொன்னேன். நாலு மாடி ஏற முடியாதவருக்குத் தரைத்தளத்தில் ஒரு அறை, மற்றபடி ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 2

அப்பா வந்து ஒரு நாள்தான் ஆகிறது. அதற்குள் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தாயிற்று, என் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்தாயிற்று. நான் மாட்டிக் கொடுத்த கண்ணாடியில் எழுத்து ஆடுகிறதாம். ஆடுவது எழுத்தா, இவர் தலையா? நாலு ஜில்லாவில் என் லென்ஸைக் குறை சொன்ன முதல் ஆள் இவர்தான்.

காலையில் என் மனைவியிடம் கேட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை நீலமாம். இடது கையாம். ஒரு பொத்தான்கூடத் தெறித்து விழுந்ததாம். அவள் கண் கலங்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அந்தச் சட்டைக் கை நானாகச் சேர்த்தது. கதை நடுவில் தொய்ந்துபோனது, வாயாடி பேனாவை மூடப் பார்த்தாள், அதனால் சேர்த்தேன். அப்பா நிஜமாகவே துடைத்தாரா, நான் சொன்னதைக் கேட்டபின் அவருக்கு அப்படித் தோன்றுகிறதா, எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்?

அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.